மாட்டுங்கா சாம்பாரில் வெல்லம்

வெள்ளி இரவு, ரயிலில்

சாயங்காலம் சென்னையில் வண்டி ஏறியாயிற்று. அரக்கோணம் தாண்டியதும் சாப்பாட்டு மூட்டையைப் பிரித்துவிட்டோம். மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, எலுமிச்சை சாதம், மோர் மிளகாய். எதிர் சீட்டில் ஒரு குஜராத்திக் குடும்பம் தேப்லா ரொட்டியைப் பிரித்தது. அவர்கள் இரண்டு தர, நாங்கள் இரண்டு இட்லி கொடுக்க, பேச்சு ஆரம்பித்துவிட்டது. "மும்பையில் உறவினர்கள் இருக்கிறார்களா?" என்று அந்த அம்மாள் இந்தியில் கேட்டார். என் மனைவிக்கு இந்தி வராது. என்னைக் கைகாட்டி, "இவருக்கு அங்கே ஒரு சாம்பார் இருக்கு" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அதை மொழிபெயர்க்க நான் முயலவில்லை.

உண்மை அதுதான். ஒரு சாம்பாருக்காகத்தான் இந்தப் பயணம்.

1983இல் டைப்ரைட்டிங் ஹையர், ஷார்ட்ஹேண்ட் இன்டர் இரண்டையும் முடித்துவிட்டு மாயவரத்திலிருந்து பம்பாய்க்குப் போனேன். கோட்டைப் பகுதியில் ஒரு கம்பெனியில் ஸ்டெனோ வேலை. சயானில் ஒரே அறையில் ஆறு பேர். அறையில் ஸ்டவ் வைக்கக் கூடாது என்பது வீட்டுக்காரரின் சட்டம். ஆகவே மூன்று வேளையும் வெளிச்சாப்பாடுதான். ஒரு ஸ்டேஷன் தள்ளி மாட்டுங்கா. எங்களைப் போன்ற தென்னாட்டுப் பிரம்மச்சாரிகளுக்கெல்லாம் அதுதான் சமையலறை.

அங்கே சாம்பாரில் வெல்லம் போடுவார்கள். முதல் மாதம் முழுக்க அதைத் திட்டித் தீர்த்தேன். 'இதைச் சாம்பார் என்று சொல்லாதே, பாகு என்று சொல்' என்று வீட்டுக்குக் கடிதம்கூட எழுதினேன். 1989இல் ஊர் திரும்பியபோது வெல்லம் இல்லாத சாம்பார் எனக்கு இறங்கவில்லை. பிறகு கல்யாணம். மனைவி திருநெல்வேலிக்காரி. வீட்டில் அன்று தொடங்கிய வழக்கு இன்னும் முடியவில்லை. "சாம்பார்ல வெல்லமா? அப்ப பாயசத்துல புளி ஊத்தட்டுமா?" என்பது அவள் தரப்பு வாதம். பெண் வேலைக்குப் போய், பையனும் வேலைக்குப் போய், எனக்கும் ஓய்வு வந்துவிட்டது. போன மாதம் அவளே சொன்னாள்: "அந்த சாம்பாரை ஒரு தடவை நானும் பார்த்துடுதேன். டிக்கெட் போடுங்க."

சனி, டோம்பிவிலி

விடியும்போது கல்புர்கி. அன்று குல்பர்கா. சோலாப்பூரில் வேர்க்கடலைச் சட்னிப்பொடி வாங்கினேன். அதை அங்கே ஷேங்கா சட்னி என்பார்கள். நமக்கு இட்லிப் பொடி மாதிரி அவர்களுக்கு இது, ஜோள ரொட்டிக்குத் துணை. சோலாப்பூருக்கும் புனேக்கும் நடுவில் எழுத ஒன்றுமில்லை. கரும்பு, வெயில், மறுபடியும் கரும்பு.

ஆனால் லோனாவாலா தாண்டி போர் காட் மலைப்பாதையில் வண்டி இறங்கும் இடம் இருக்கிறதே, அதை ஜன்னலோரம் உட்கார்ந்து பார்க்காதவர்கள் பம்பாய்க்கு ரயிலில் போனதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாது. 1863இல் திறந்த பாதை. முப்பத்தேழு அடி போனால் ஓர் அடி இறக்கம். ரயிலுக்கு இது பயங்கரமான சரிவு. பிரேக் விட்டுப்போன வண்டி கீழே பாய்ந்துவிடாமல் இருக்க, மேட்டில் ஏறி நிற்கும்படி பக்கப் பாதைகள் போட்டிருக்கிறார்கள். கீழிருந்து வரும் வண்டிகளைக் கர்ஜத்தில் கூடுதல் இன்ஜின்கள் பின்னாலிருந்து தள்ளி ஏற்றும். முதல்தடவை வந்தபோது ஒரு பெரியவர் இதையெல்லாம் விளக்கி என்னை நன்றாகப் பயமுறுத்தினார். இன்று நான் விளக்கினேன். மனைவி, "இறங்கினப்புறம் சொல்லியிருக்கலாம்லா" என்றாள்.

குர்லா வரை போகாமல் கல்யாணிலேயே இறங்கிவிட்டோம். பழைய அறைத்தோழன் ஸ்டேஷனுக்கு வந்திருந்தான். அவன் பாலக்காட்டான். எங்கள் ஆறு பேரில் ஊர் திரும்பாதவன் அவன் ஒருவன்தான். மராத்தி வங்கி மேனேஜரைக் கல்யாணம் செய்துகொண்டு டோம்பிவிலியில் சொந்த வீடு, இரண்டு பேரக்குழந்தைகள். என்னைப் பார்த்ததும், "என்னடா, தலையிலே ஒண்ணும் பாக்கி வைக்கலையா?" என்றான். என் மனைவியிடம், "வாங்கோ சிஸ்டர்." பம்பாய்த் தமிழர்களில் எங்கள் தலைமுறைக்கு நண்பன் மனைவி எப்போதும் சிஸ்டர்தான்.

திட்டம் அவன் போட்டதுதான். என் சாம்பார் இருப்பது மாட்டுங்காவில் ராம நாயக் கடையில். ஞாயிறு மதியம் அங்கே கூட்டம் சொல்லி மாளாது. திங்கள் விடுமுறை. "செவ்வாய் போலாம், பதினொன்றரைக்கே போயிடணும், கேட்டியா?" என்றான். கேட்டுக்கொண்டோம்.

ஞாயிறு, மாட்டுங்கா கிங்ஸ் சர்க்கிள்

மாட்டுங்காவுக்கு ஸ்லோ லோக்கலில்தான் போக வேண்டும். ஃபாஸ்ட் வண்டி நிற்காது. தாணே, முலுண்ட், காட்கோபர், குர்லா, சயான், மாட்டுங்கா. சயானில் வாசலோரம் எட்டிப் பார்த்தேன். நாங்கள் இருந்த கட்டடம் இருந்த பக்கம் இப்போது உயரமாக ஏதோ நிற்கிறது.

மாட்டுங்கா ஸ்டேஷனில் டிக்கெட் கொடுப்பவர், பரிசோதகர், அறிவிப்பாளர், காவலர் என்று எல்லோரும் பெண்கள். 2017 முதல் அப்படித்தான். நாட்டிலேயே முழுக்கப் பெண்கள் நடத்தும் முதல் ஸ்டேஷன் இதுதான். மனைவிக்கு இந்த ஊர்மேல் முதல் மரியாதை இங்கேதான் வந்தது.

1896இல் பம்பாயில் பிளேக் வந்து ஊர் செத்துப் பிழைத்த பிறகு, நெரிசலைக் குறைக்க வடக்கே காலி நிலத்தில் அகலமான தெருக்களோடு புதுப் பேட்டைகள் போட்டார்கள். தாதர், மாட்டுங்கா, வடாலா எல்லாம் அப்படிப் பிறந்தவை. வாடகைக்கு வந்தவர்களில் பாலக்காடு, தஞ்சாவூர்ப் பக்கத்துக் குமாஸ்தாக்களும் டைப்பிஸ்டுகளும் நிறைய. 1932இல் தென்னிந்திய கல்விச் சங்கம் பள்ளிக்கூடம் தொடங்கியது. கொச்சு குருவாயூர் என்று எல்லோரும் சொல்லும் ஆஸ்திக சமாஜம் கோயில், கல்யாண மண்டபங்கள், பூக்கடைகள், மல்லிகைப் பந்துகள். அரோரா தியேட்டரில் தமிழ்ப் படம். இன்றைக்கும் பூ மார்க்கெட் பக்கம் நடந்தால், ஐந்து நிமிடத்துக்கு மைலாப்பூரில் இருப்பதுபோலத்தான் தோன்றும். மைசூர் கன்சர்ன்ஸ் கடையிலிருந்து வறுத்த காப்பிக்கொட்டை வாசனை தெருவுக்கே வருகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. சாப்பாடு என்று வரும்போது இது தமிழ்ப் பேட்டை அல்ல. கஃபே மைசூர், 1936, தொடங்கியவர் ராம நாயக். ராமாஷ்ரய், 1939. கஃபே மெட்ராஸ், 1940, நடத்துவது காமத் குடும்பம். உடுப்பி ஸ்ரீகிருஷ்ணா போர்டிங், அதாவது ஸ்டேஷன் எதிரே மாடியில் இருக்கும் எங்கள் 'ராம நாயக்', 1942. யாரும் தமிழர் இல்லை. எல்லோரும் உடுப்பி, மங்களூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள். 1923இல் அந்தப் பக்கம் பெருவெள்ளம் வந்து குடும்பங்கள் நொடித்துப் போக, பையன்கள் பம்பாய்க்குக் கப்பல் ஏறினார்கள். பகலில் ஓட்டலில் எடுபிடி வேலை, ராத்திரி கன்னட இரவுப் பள்ளியில் படிப்பு. ராம நாயக்கும் சிறுவனாக வந்து சமையலறை எடுபிடியாகத் தொடங்கியவர்தான். 1960களின் கடைசியில் 'மதராசி'களுக்கு எதிராகக் கல் எறிந்தபோது அடி வாங்கியதும் இந்த உடுப்பி ஓட்டல்கள்தான். மதராசிப் பட்டம் எங்களுக்கு, கண்ணாடி உடைந்தது அவர்களுக்கு. நாங்களோ அவர்கள் கையால் சாப்பிட்டுக்கொண்டே, சாம்பார் தித்திக்கிறது என்று குறை சொன்னோம்.

காலையில் கஃபே மெட்ராஸ் போனோம். வாசலில் பெயர் எழுதிக்கொடுத்துவிட்டு நடைபாதையில் நிற்க வேண்டும். ஞாயிறென்றால் முக்கால் மணி நேரம். எங்களுக்கு முன்னால் நின்றவர்களில் தமிழ் பேசியவர்கள் யாருமில்லை. குஜராத்திகள், மராத்திகள், போனில் படம் எடுக்கும் கல்லூரிப் பிள்ளைகள். அன்று இந்தக் கடைகளில் காதில் விழுந்தது பாதி தமிழ். எங்கள் வயதுக்காரர்கள் செம்பூர், முலுண்ட், டோம்பிவிலி என்று வீடு வாங்கி நகர்ந்துவிட்டார்கள். இந்தப் பேட்டையில் இப்போது வீட்டு விலை கேட்டால் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும்.

ரசவடை நன்றாக இருந்தது. வடை ஊறியும் உடையாமல் இருந்தது. மனைவி ராகி தோசை கேட்டாள், பாதியை எனக்குத் தள்ளினாள். சாம்பாரைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. "எப்படி?" என்றேன். "கேஸ் செவ்வாக்கிழமைதான? அன்னைக்குச் சொல்லுதேன்."

கஃபே மைசூரை வெளியிலிருந்துதான் பார்த்தோம், வயிற்றில் இடமில்லை. பக்கத்தில் யூ.டி.சி.டி. என்ற கெமிக்கல் டெக்னாலஜி கல்லூரியில் படித்த காலத்தில் முகேஷ் அம்பானி அங்கே சாப்பிட்டவர் என்பதைப் பாலக்காட்டான் என் மனைவியிடம் மூன்று தடவை சொன்னான். அம்பானி சாப்பிட்ட அதே சாம்பாரைத்தான் நானும் சாப்பிட்டேன் என்று ஆறுதல் சொல்லிக்கொள்ளலாம்.

திங்கள், கோட்டைக்குப் போய் வந்தது

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு மாயவரத்திலிருந்து அண்ணன் போன் செய்தான். "பாகுன்னு நீ எழுதின இன்லேண்ட் லெட்டர் அம்மா பெட்டியிலே இன்னும் இருக்குடா" என்றான். இருக்கட்டும், சாட்சி.

கோட்டைப் பக்கம் சும்மா ஒரு சுற்று. நான் வேலை பார்த்த கட்டடத்தில் இப்போது ஒரு காப்பிக் கடை. அதைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. திரும்பும்போது வண்டி பைகுல்லாவில் சிறிது நேரம் நின்றது. சொல்ல வேண்டியது அந்த இடத்தைப் பற்றித்தான்.

ஒரு ஜூலை மாதம், நான் போய்ச் சேர்ந்த மறுவருஷம். காலையிலிருந்து விடாத மழை. ஆபீஸை இரண்டு மணிக்கே மூடினார்கள். வி.டி.யில், அதாவது விக்டோரியா டெர்மினஸில், ஏறிய லோக்கல் பைகுல்லாவில் நின்றதுதான், அப்புறம் நகரவில்லை. ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு ஜனங்கள் தண்டவாளத்தில் குதித்து வடக்கே நடக்க ஆரம்பித்தார்கள். நானும் குதித்தேன். சின்ச்போக்லி, கர்ரி ரோடு, பரேல். இரண்டு பக்கமும் ஆலைகள். 1982 ஜனவரி 18இல் தத்தா சாமந்த் தலைமையில் இரண்டரை லட்சம் பேர் தொடங்கிய வேலைநிறுத்தத்துக்குப் பிறகு, அவற்றில் பலவற்றின் புகைபோக்கிகளில் புகை இல்லை. மழையில் கறுப்பாக நின்றன. இன்று அதே இடத்தில் மால்களும் நாற்பது மாடி வீடுகளும்.

பரேலில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். எங்கே ஜல்லி, எங்கே தண்டவாளம், எங்கே குழி என்று தெரியாது. முன்னால் போகிறவர் கால் வைத்த இடத்தில் கால் வைத்து நடந்தோம். ஒரு செருப்பின் வார் அறுந்தது, மற்றதையும் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டேன். காலையில் சாப்பிட்ட இரண்டு பாவ் தவிர வயிற்றில் ஒன்றுமில்லை. தாதர் தாண்டி மாட்டுங்கா பிளாட்பாரத்தில் ஏறியபோது இருட்டிவிட்டது. சயானுக்கு இன்னும் ஒரு ஸ்டேஷன்தான். கால் அறைக்குப் போகவில்லை, ராம நாயக் மாடிப்படியில் ஏறியது.

உள்ளே விளக்கு எரிந்தது, அடுப்பும் எரிந்தது. தரை முழுக்கச் சேற்றுக் காலடி. யாரும் யாரையும் வெளியே போ என்று சொல்லவில்லை. இலை போட்டார்கள். சோறு விழுந்தது. ஆவியில் இலையின் நடுப்பாகம் நிறம் மாறியது. கை வைத்தேன், விரல் நடுங்கியதில் பிசைய வரவில்லை. ரசம் ஊற்ற வந்தவர் பார்த்தார். வயதானவர், காதில் கடுக்கன். வாளியைக் கீழே வைத்துவிட்டு, தண்ணீர் டம்ளரைக் காலி செய்து, அதில் ரசத்தை ஊற்றி என் கையில் திணித்தார். "பெஹ்லே யே பீ லோ." முதலில் இதைக் குடி. மிளகும் பெருங்காயமும் கொதிக்கக் கொதிக்க நெஞ்சில் இறங்கின. குடித்து முடிக்கும்வரை நின்று பார்த்துவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

அதற்குப் பிறகு வந்தது அந்தச் சாம்பார். பூசணிக்காய் போட்டது. வெல்லம் வழக்கம்போல இருந்தது. அன்று எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. மூன்று தடவை சோறு வாங்கி மூன்று தடவையும் சாம்பாரே ஊற்றிக்கொண்டேன். அதன் பிறகு நான் கடிதத்தில் சாம்பாரைத் திட்டி எழுதவில்லை.

இந்தக் கதையை என் மனைவி கணக்கில்லாமல் கேட்டிருக்கிறாள். இன்று பரேல் தாண்டும்போது தண்டவாளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "இம்புட்டு தூரமா நடந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள்.

செவ்வாய், ராம நாயக்

பதினொன்றரைக்கே போய்விட்டோம். மார்க்கெட் கட்டடத்தின் மாடி. காத்திருப்பவர்களுக்குப் பெஞ்ச். பாலக்காட்டான் எதையும் கேட்காமல் வாழை இலைச் சாப்பாடு மூன்று என்று சொல்லிவிட்டான். தட்டில் அளவுச் சாப்பாடும் உண்டு. அது அவசரக்காரர்களுக்கு.

கூடம் பளிச்சென்று இருந்தது. என் நினைவிலிருந்த சேற்றுக் காலடிகளை இந்தத் தரையில் வைத்துப் பார்க்கவே முடியவில்லை. இலை, உப்பு, ஊறுகாய், அப்பளம். கறுப்புக் கொண்டைக்கடலை போட்ட கூட்டு, பீன்ஸ் பொரியல் தேங்காய்ப்பூ தூவி, சூடாக இரண்டு பூரி. பூரி வரும்போதே வயிற்றை நிரப்பிக்கொண்டால் சோற்றுக்கு இடமிருக்காது என்பது அன்றைய பாலபாடம். மனைவிக்கும் சொன்னேன். அவள் ஒரு பூரியோடு நிறுத்திக்கொண்டாள்.

சோறு. சாம்பார் வாளி வந்தது. பரிமாறியவருக்கு இருபத்தைந்து வயது இருக்கும். குழம்பு இலையில் ஓடாமல் சோற்றில் குழி பறித்து, அதில் ஊற்றும் அந்தக் கைவாகு மட்டும் மாறவில்லை. பூசணிக்காய். அன்று போட்ட அதே காய்தான். நான் ஏற்பாடு செய்யவில்லை, நம்புங்கள்.

முதல் கவளம். சொல்லிவிடுகிறேன், நினைத்த அளவு தித்திப்பு இல்லை. ஏமாற்றமா என்றால், அரை நிமிடத்துக்கு ஏமாற்றம்தான். வீட்டில் அடம்பிடித்து வெல்லத்தை ஏற்றிக்கொண்டே போனதில் என் நாக்கு எங்கேயோ போயிருக்கிறது. இரண்டாவது கவளத்தில்தான் பின்னாலிருந்து அது வந்தது. முதலில் புளி, அப்புறம் தனியாவும் தேங்காயும், எல்லாம் இறங்கிய பிறகு நாக்கின் ஓரத்தில் வெல்லம். வந்த இடம் தெரியாமல் வந்துவிட்டுப் போனது.

மனைவியைப் பார்த்தேன். அவள் சாப்பிடவில்லை, விசாரணை நடத்திக்கொண்டிருந்தாள். சோற்றை ஒதுக்கி, சாம்பாரை மட்டும் விரலால் எடுத்து, கண்ணை மூடி, மறுபடி எடுத்து. பாலக்காட்டான் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன்.

"இவங்க வெல்லம் மட்டுமா போட்டிருக்காங்க?" என்று ஆரம்பித்தாள். "தனியா, வெந்தயம், உளுத்தம்பருப்பு, சீரகம், எல்லாத்தையும் தேங்கா எண்ணெயில வறுத்து, தேங்காயோட அரைச்சு விட்டிருக்காங்க. மிளகா பாருங்க, நிறம் இருக்கு, காரம் இல்ல. இது நம்ம குண்டு மிளகாயே இல்ல. இந்த மிளகாக்கும் இந்தத் தேங்காக்கும் வெல்லம் சேரும். எங்கம்மா வைக்க இடிசாம்பாருக்கு இது ஒண்ணுவிட்ட தங்கச்சி. நீங்க பாட்டுக்கு நான் வைக்க குண்டு மிளகா சாம்பார்ல வெல்லத்தக் கொட்டச் சொன்னா, அது எப்படிங்க வெளங்கும்?"

"சிஸ்டர் சொல்றது கரெக்ட் ஆக்கும்" என்றான் பாலக்காட்டான், அந்தப் பக்கம் சாய்ந்தவனாக. "பியாடகி மிளகாய். எங்காத்துல அதுதான்."

வழக்கில் எனக்குத் தோல்வியா வெற்றியா என்று இன்னும் புரியவில்லை. வெல்லம் குற்றவாளி இல்லை, ஆனால் தனியாக வந்ததுதான் குற்றம் என்பது தீர்ப்பு. அதை அறிவித்துவிட்டு அவள் கையைக் காட்டி இன்னொரு கரண்டி சாம்பார் வாங்கிக்கொண்டாள்.

இந்தச் சமையலின் ஊற்று உடுப்பி கிருஷ்ணன் கோயில் என்பார்கள். மத்வர் ஏற்படுத்திய எட்டு மடங்களும் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை முறை மாற்றிப் பூஜை நடத்தும் இடம். தினமும் ஆயிரக்கணக்கில் இலை போட வேண்டும். வெங்காயம், பூண்டு கிடையாது. இருப்பதெல்லாம் பூசணி, வெள்ளரி, வாழை, பலா, தேங்காய். வெங்காயம் தரும் இனிப்பும் கனமும் இல்லாத இடத்தை அரைத்த தேங்காயும் வெல்லமும் நிரப்புகின்றன. இது என் ஊகம், ஆனால் அடுப்படி நிபுணர் ஒருவர் ஒப்புக்கொண்டுவிட்டார்.

ரசம் வந்தபோது, "டம்ளரில் கொடுங்கள்" என்று இந்தியில் கேட்டேன். பையன் ஒரு கணம் பார்த்துவிட்டு ஒரு கிண்ணத்தில் ஊற்றி வைத்தான். நல்ல ரசம். அந்த மழையன்று குடித்தது இதைவிட நல்ல ரசமா என்று கேட்டால், இருந்திருக்காது. காற்றோட்டமான மத்தியானத்தில், காய்ந்த சட்டையோடு, சர்க்கரை மாத்திரையையும் போட்டுக்கொண்டு குடிக்கிறவன் ரசத்துக்கு மார்க் போடக் கூடாது. கடுக்கன்காரரைப் பற்றிப் பையனிடம் விசாரிக்க வாயெடுத்தேன், அவன் பிறப்பதற்கு முன்னாலேயே அவர் ஊர் போயிருப்பார் என்று தோன்றி விட்டுவிட்டேன்.

மோர் சாதத்தோடு முடிந்தது. வெளியே பெஞ்சில் முப்பது பேர்.

புதன், மார்க்கெட்டும் அடுப்பும்

இன்று என் பயணம் முடிந்துவிட்டது, அவள் பயணம் தொடங்கிவிட்டது. காலையிலேயே மாட்டுங்கா மார்க்கெட். பியாடகி மிளகாய் அரைக் கிலோ. சுருக்கம் சுருக்கமாக, கருஞ்சிவப்பில், பார்த்தாலே நம் மிளகாய் இல்லை என்று தெரியும். தேங்காய் எண்ணெய். உருண்டை வெல்லம் வேண்டாம், அச்சு வெல்லம் வேண்டாம் என்று மூன்று கடை ஏறி இறங்கி, கறுத்த வெல்லம் ஒன்றை முகர்ந்து பார்த்து வாங்கினாள். ஒரு கடையில் மங்களூர் வெள்ளரிக்காய் இருந்தது. மஞ்சளும் பச்சைக் கோடுமாக, ஒன்று ஒன்றரைக் கிலோ. தென் கன்னட வீடுகளில் இதைத் தென்னோலையில் கட்டி விட்டத்தில் தொங்கவிட்டு மாதக்கணக்கில் வைத்திருப்பார்கள் என்று கடைக்காரர் சொல்ல, இரண்டு வாங்கியாயிற்று. சுமப்பது யார் என்பது கேள்வியே இல்லை.

மதியம் டோம்பிவிலியில் பாலக்காட்டான் மனைவியின் சமையலறை. ஒருவருக்குத் தமிழ் அரைகுறை, ஒருவருக்கு இந்தி சுத்தமாக இல்லை. இருந்தும் இரண்டு மணி நேரம் உள்ளே பேச்சுச் சத்தம் ஓயவில்லை. எங்கள் இருவரையும் பால்கனியில் உட்கார வைத்துவிட்டார்கள். தேங்காய் எண்ணெயில் தனியா வறுபடும் வாசனை வந்ததும் பாலக்காட்டான் எழுந்து உள்ளே போனான், வந்த வேகத்தில் திருப்பி அனுப்பப்பட்டான்.

சாம்பார் வந்தது. வெள்ளரிக்காய் போட்டது. சாப்பிட்டேன். நேற்றையது அளவுக்கு இல்லை, ஆனால் அந்தத் தெருவுக்குள் நுழைந்துவிட்டது. கேட்டதும் கேட்காததுமாக, "கொஞ்சம் வெல்லம்..." என்றேன்.

"போட்டாச்சு."

"இன்னும் கொஞ்சம்?"

"இனிமே வெல்ல டப்பா என் பொறுப்பு. நீங்க அந்தப் பக்கம் கையக் கொண்டு வரக் கூடாது, சொல்லிட்டேன்." பிறகு பாலக்காட்டானிடம் திரும்பி, "அண்ணே, உடுப்பிக்கு இங்கயிருந்து ரயில் இருக்கா?"

"கொங்கண் ரயில்வே, சிஸ்டர். ராத்திரி ஏறினா காலம்பற உடுப்பி. என்னடா, டிக்கெட் பாக்கட்டா?"

எங்கள் சென்னை டிக்கெட் நாளைக்கு. ரத்து செய்தால் எவ்வளவு பிடிப்பார்கள் என்று அவன் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறான். மாட்டுங்கா போகிறவர்களுக்கு இதற்குள் ஒரு வார்த்தை: ராம நாயக் திங்கள் விடுமுறை, மற்ற நாட்களில் பன்னிரண்டுக்குள் போய்விடுங்கள், பூரியை ஒன்றோடு நிறுத்துங்கள். வெள்ளரிக்காய் வாங்குவதாக இருந்தால் கைப்பிடி உறுதியான பையாகக் கொண்டுபோங்கள். என் பை கிழிந்துவிட்டது.